வானத்துக்கும் தரைக்கும் பங்காளிச் சண்டை

ஃபோட்டோ எடுப்பவனுக்கு உலகத்தில் இரண்டே எதிரிகள். ஒன்று, கிளிக் விழும் நொடி பார்த்துக் கண்ணை மூடும் மச்சான். இன்னொன்று, வானம்.

மச்சானை மன்னித்துவிடலாம், அவர் பெண் கொடுத்த வீட்டுக்காரர். வானத்தோடுதான் சமாதானமே கிடையாது. தரையைப் பார்த்து எக்ஸ்போஷர் வைத்தால் வானம் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். வானத்தைப் பார்த்து வைத்தால் தரையில் நிற்கிற அத்தனை பேரும் கரிபிடித்த சட்டியாகிவிடுவார்கள். நம் கண்ணுக்கு இந்தத் தொல்லை தெரிவதில்லை. மேலே பார்க்கும்போது பாவையைச் சுருக்கி, நிழலுக்குத் திரும்பும்போது விரித்து, மூளையை வைத்து இரண்டு கணக்கையும் நேர்செய்து, ஒன்றுமே நடக்காத மாதிரி முழுக் காட்சியை நம்மிடம் நீட்டிவிடும். கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அது பார்த்ததைப் பார்த்தபடி சொல்லும் வெகுளி, அதனாலேயே பாதியைத்தான் சொல்லும்.

கணக்காகச் சொன்னால், காகிதத்தில் அச்சான படத்தில் பளிச் வெள்ளைக்கும் அடர் கறுப்புக்கும் நடுவே சுமார் 100 மடங்கு வித்தியாசம்தான் உண்டு. வெயில் அடிக்கும் ஜன்னலும் இருட்டு மூலையும் சேர்ந்திருக்கும் ஒரு அறையிலோ அது பல்லாயிரம் மடங்கு. பல்லாயிரத்தை நூறுக்குள் அடைக்க வேண்டும், யார் முகமும் நசுங்கக் கூடாது. தீபாவளிக்கு முந்தின ராத்திரி கடைசி பஸ்ஸில் ஆள் ஏற்றுகிற கண்டக்டரின் வேலை இது. இந்த வேலைக்கு டோன் மேப்பிங் என்று பெயர் வந்தது 1990களில். வேலை நடக்கத் தொடங்கியது 1850களில், பெயர் இல்லாமல், கொஞ்சம் கள்ளத்தனமாக.

கதாநாயகர் பிரான்ஸ்காரர், குஸ்தாவ் லெ கிரே. 1820இல் பிறந்தவர், ஓவியம் படித்தவர். பிறகு புகைப்படத்தை நம்பி வாழலாம் என்று வந்தார். (சிரிக்காதீர்கள், அந்தக் காலத்தில் அப்படி நம்பினார்கள்.) அவர் கையில் இருந்தது ஈரக் கொலோடியன் தகடு. கண்ணாடியின் மேல் பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றிச் சீராகப் பரப்பி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் கேமராவில் சொருகிப் படம் எடுத்து, அதே ஈரம் காய்வதற்குள் கழுவியும் முடிக்க வேண்டும். தோசைக்கல்லில் மாவை ஊற்றிவிட்டு வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று போக முடியுமா? அந்த அவசரம்தான் இதுவும்.

அந்தத் தகட்டுக்கு நீலத்தின் மேல் ஒரு தனிப் பைத்தியம். நீல வெளிச்சம் பட்டால் உடனே பொங்கிவிடும், சிவப்பைக் கண்டால் அசையாது. எனவே நீல வானம் வெந்து வெளுத்துப் போகும். அக்காலத்து இயற்கைக் காட்சிப் படங்களில் வானம் மொட்டை வெள்ளையாக இருப்பது இதனால்தான். அந்த வெள்ளையிலும் திட்டுத் திட்டாக அழுக்கு தெரிந்ததால், சிலர் நெகட்டிவின் வானப் பகுதியில் மை பூசி ஒரே வெள்ளையாக்கினார்கள். பிரச்சினையைத் தீர்க்க முடியாதபோது அதற்குப் பெயிண்ட் அடிப்பது நம் நகராட்சிகள் கண்டுபிடித்த வித்தை இல்லை.

லெ கிரே வேறு வழி பார்த்தார். பங்காளிகள் ஒரே வீட்டில் ஒத்துப்போகவில்லை என்றால் பாகம் பிரித்துவிட வேண்டியதுதானே? கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு இன்னொரு நெகட்டிவ். ஒன்றை அச்சிடும்போது மற்றதன் பங்கை மறைத்து, இரண்டையும் அடிவானக் கோட்டில் சேர்த்து ஒரே காகிதத்தில் இறக்கினார். அடிவானம் இருக்கிறதே, அது இந்த மோசடிக்காகவே ஆண்டவன் போட்டுக் கொடுத்த கோடு. 1857இல் பிரான்ஸின் தெற்குக் கரையில் செத் என்ற துறைமுகத்தில் எடுத்த 'பெரிய அலை' இப்படிப் பிறந்ததுதான். கீழே அலை நுரையோடு உடைகிறது, மேலே மேகம் கனத்து நிற்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது என்று பார்த்தவர்கள் சத்தியமே செய்திருப்பார்கள்.

எனக்கு இந்த ஆளைப் பிடித்துப்போனது அடுத்த காரியத்தால். நல்ல மேகம் அமைந்த ஒரு நெகட்டிவை அவர் ஒரு படத்தோடு விடவில்லை. வேறொரு கடலுக்கு மேலேயும் அதே மேகத்தை ஏற்றினார். கல்யாண வீட்டு அண்டா வாடகைக்குப் போவதைப் போல, மேகம் கடல் கடலாகப் போய் வந்தது.

1856இல் எடுத்த பாய்மரக் கப்பல் படம் இன்னொரு கூத்து. அது பகலில் சூரியனை நோக்கி எடுத்தது. வெளிச்சத்துக்குப் பயந்து எக்ஸ்போஷரைக் குறைத்ததில் படம் இருண்டு போயிற்று. பார்த்தவர்கள் பலர் நிலவொளி, நிலவொளி என்று உருகினார்கள். லண்டனில் அந்தப் படத்துக்கு ஏக வரவேற்பு. விற்றுக்கொண்டிருக்கும் சரக்கு நிலா இல்லை வெயில் என்று எந்தக் கடைக்காரன் வாதாடுவான்?

வானத்தைச் சமாளித்தவரால் வட்டியைச் சமாளிக்க முடியவில்லை. பாரிஸின் பணக்கார வீதியில் ஆடம்பர ஸ்டுடியோ, பணம் போட்டவர்களுக்கு வரவு இல்லை. 1860இல் கடை மூடியது. மனிதர் மனைவி மக்களையும் கடன்காரர்களையும் ஒருசேர விட்டுவிட்டு ஒரு கப்பலில் ஏறினார். கப்பல் யாருடையது? மூன்று துப்பாக்கி வீரர்கள் கதையை எழுதிய அலெக்சாண்டர் டூமாவுடையது. ஐம்பதைத் தாண்டிய எழுத்தாளர், அவருடைய இளம் காதலி, கடனில் ஓடிவந்த ஃபோட்டோகிராபர், ஒரு சின்னக் கப்பல். இதில் சண்டை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பலெர்மோவில் புரட்சித் தலைவர் கரிபால்டியைப் படம் எடுக்கும் வரை எல்லாம் நல்லபடியாகப் போனது. அதற்குப் பின் டூமா இவரை மால்டாத் தீவில் இறக்கிவிட்டுப் போய்விட்டார், சில்லறைத் தகராறில் நடுவழியில் இறக்கிவிடப்பட்ட பயணியைப் போல. லெ கிரே அங்கிருந்து லெபனான் பக்கம் போய், கடைசியில் எகிப்தில் ஓவிய வாத்தியாராக இருந்து, 1884இல் கெய்ரோவில் இறந்தார். ஊர் திரும்பவேயில்லை.

1999இல் லண்டன் ஏலத்தில் 'பெரிய அலை'யின் ஒரு பிரதி 5,07,500 பவுண்டுக்குப் போனது. ஒரு புகைப்படத்துக்கு அதுவரை ஏலத்தில் கிடைத்திராத விலை. பாரிஸ் கடன்காரர்களின் எள்ளுப் பேரன்கள் பேப்பரில் படித்துவிட்டு வயிறு எரிந்திருப்பார்கள்.

'பெரிய அலை' எடுத்த அதே 1857இல் இங்கிலாந்தில் ஆஸ்கர் ரைலாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து அச்சிட்டு, நல்வழி தீயவழி இரண்டையும் காட்டும் ஒரு பிரம்மாண்டப் படம் செய்தார். விக்டோரியா ராணியே ஒரு பிரதி வாங்கினார். ஸ்காட்லாந்தில் மட்டும் தீயவழிப் பாதியில் துணி குறைவாக இருந்ததால், அந்தப் பாதிக்குத் திரை போட்டு மறைத்துவிட்டு மறுபாதியைக் காட்சிக்கு வைத்தார்கள். எந்தப் பாதியைப் பார்க்க வந்த கூட்டம் அதிகம் என்று வரலாறு சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அடுத்த நாட்டாமை அமெரிக்கர், ஆன்சல் ஆடம்ஸ். பியானோ கலைஞராக வேண்டியவர், மலை மேல் ஏறிக் கேமராவைப் பிடித்துக்கொண்டார். 1940 வாக்கில் ஃப்ரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து ஒரு முறையை வகுத்தார். பெயர் ஜோன் சிஸ்டம். கொலுப்படி தெரியுமல்லவா? அதேதான், ஆனால் பதினோரு படி. கீழ்ப்படியில் அமாவாசைக் கறுப்பு, மேல்படியில் வெறும் காகித வெள்ளை, நடுப்படியில் சாம்பல். எந்தப் பொம்மை எந்தப் படியில் உட்காரும் என்பதைப் படம் எடுப்பதற்கு முன்பே மனசில் முடிவு பண்ணிவிட வேண்டும். அதற்கேற்ப எக்ஸ்போஷர், அதற்கேற்பக் கழுவும் நேரம். மீதிக் கணக்கை இருட்டறையில் தீர்த்துக்கொள்ளலாம். அச்சுக் காகிதத்தில் வெளிச்சம் விழும்போது நடுவே கையை ஆட்டி மறைத்தால் அந்த இடம் வெளுக்கும், கூடுதலாகக் காட்டினால் கறுக்கும். சிவப்பு விளக்கின் அடியில் அவர் கையை ஆட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தால் கொசு விரட்டுகிறார் என்றே நினைக்கத் தோன்றும். அவர் வானத்தை இருட்டாக்கிக்கொண்டிருந்தார்.

அவருடைய புகழ்பெற்ற படம் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தில் நிலா எழுவது. ஒரு நாள் முழுக்க உருப்படியாக ஒன்றும் கிடைக்காமல் காரில் திரும்பும்போது, கல்லறைச் சிலுவைகளில் கடைசி வெயில், மேலே நிலா. காரை ஓரங்கட்டினார். பெரிய கேமராவை நிறுத்தியாயிற்று, வெளிச்சம் அளக்கும் மீட்டரைக் காணோம். தேட நேரமில்லை. அப்போதுதான் நிலாவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்ற எண் நினைவுக்கு வந்ததாம். அதை வைத்து மனக்கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் இறங்கிவிட்டது.

நிலாவுக்கு எத்தனை கேண்டில் என்று மனப்பாடமாக வைத்திருந்த மனிதருக்கு, அன்றைக்கு என்ன தேதி என்று குறித்து வைக்கத் தோன்றவில்லை. 1941 என்பார், 1944 என்பார். கடைசியில் வானியல்காரர்கள் படத்தில் நிலா நிற்கும் இடத்தை வைத்துக் கணக்குப் போட்டார்கள். முதலில் ஒருவர் 1941 அக்டோபர் 31 என்றார். பிறகு இன்னொருவர் அதைத் திருத்தி நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் என்றார். ஜாதகமே கணித்துவிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகளை ஆடம்ஸ் தன் கையால் அச்சிட்டார். ஆரம்பத்துப் பிரதிகளில் வானம் சாம்பல் பூத்து, மேகக் கீற்றுகளோடு இருக்கும். வயதாக ஆக வானத்தைக் கறுப்பாக்கிக்கொண்டே போனார். ஒரே நெகட்டிவ், ஒரே நிலா, அவர் மனநிலைக்கு ஏற்றபடி ராத்திரி.

நடுவில் சார்லஸ் வைகாஃப் என்றொருவர் வந்தார். அவர் படம் எடுக்க வேண்டியிருந்தது அணுகுண்டு வெடிப்பதை. மச்சான் கண்ணை மூடுவதெல்லாம் அங்கே ஒரு குறையா? 1960களில் அவர் உருவாக்கிய ஃபிலிமில் மூன்று அடுக்குகள். மூன்று அண்ணன் தம்பிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவன் தீக்குச்சி கிழித்தாலே துள்ளி எழுவான். நடுவன் கொஞ்சம் நிதானம். இளையவன், குண்டு வெடித்தால்தான் திரும்பியே பார்ப்பான். மூவரும் சொல்வதைச் சேர்த்துக் கேட்டால் முழுக் கதையும் கிடைக்கும்.

கம்ப்யூட்டர் வந்தது, பங்காளிச் சண்டையும் கூடவே உள்ளே போனது. கம்ப்யூட்டர் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை எண். அதற்கு மேல் இடமில்லை. சூரியனும் 255, வெள்ளை வேட்டியும் 255. 1980களில் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிரெக் வார்ட் கட்டடங்களுக்குள் வெளிச்சம் எப்படி விழும் என்று கணிக்கும் ரேடியன்ஸ் என்ற மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தார். வேட்டியையும் சூரியனையும் ஒரே தட்டில் வைக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் பொதுவாக நாலாவதாக ஒரு எண் சேர்த்தார். மற்ற மூன்றையும் எத்தனை மடங்கு பெருக்குவது என்று அது சொல்லும். மூன்று பேருக்கு ஒரே குடை. அந்தக் குடைக்குள் சூரியனும் அடங்கியது.

1995இல் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் மான், ரோசலிண்ட் பிக்கார்டுடன் சேர்ந்து, வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுத்த படங்களைச் சேர்த்து ஒன்றாக்கும் வழியை எழுதினார். ஸ்டீவ் மான், தலையில் கேமராவும் உடம்பில் கம்ப்யூட்டரும் கட்டிக்கொண்டு தெருவில் நடந்த பேர்வழி. இப்போது எல்லோரும் அப்படித்தான் அலைகிறோம், அவர் கொஞ்சம் சீக்கிரம் புறப்பட்டுவிட்டார்.

இரண்டு வருஷம் கழித்து பெர்க்லியிலிருந்து பால் டெபெவெக்கும், ஐ.ஐ.டி. கான்பூரில் படித்துவிட்டுப் போன ஜிதேந்திர மாலிக்கும் வந்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது ஒரு தேவாலயத்தின் உள்பக்கம். அதுவும் பெர்க்லிக்குப் பரம்பரை எதிரியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தேவாலயம். வண்ணக் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் சூரியன், கூரையின் மூலைகளில் கும்மிருட்டு. கேமராவை அசையாமல் நிறுத்தி 16 படம் எடுத்தார்கள். முதலாவதுக்கு 30 நொடி, அடுத்ததற்கு அதில் பாதி, இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக் கடைசிப் படம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கூட்டிக் கழித்ததில் அந்த மண்டபத்தில் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் 2,50,000 மடங்குக்கு மேல் வித்தியாசம் கிடைத்தது. அதற்கப்புறம் இந்தத் துறையில் யார் எது கண்டுபிடித்தாலும் முதலில் அந்தத் தேவாலயப் படத்தில்தான் போட்டுப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனைக்குப் போனவர்களைவிட அந்த மண்டபத்தை அதிகம் உற்றுப் பார்த்தவர்கள் இந்த ஆராய்ச்சி மாணவர்களாகத்தான் இருப்பார்கள்.

சரி, இரண்டரை லட்சம் மடங்கு கைக்கு வந்துவிட்டது. காட்டுவது எதில்? அன்றைய மானிட்டரில் சில நூறு மடங்குதான். டீக்கடையில் பெரிய நோட்டை நீட்டியவன் நிலைமை. சில்லறை மாற்றத்தான் டோன் மேப்பிங் ஆட்கள் வந்தார்கள். 2002இல், சான் அன்டோனியோவில் நடந்த சிக்கிராஃப் என்ற கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் மாநாட்டில், ஒரே வருஷத்தில் மூன்று கோஷ்டி. ஒரு கோஷ்டி எரிக் ரைன்ஹார்டு ஆட்கள். அவர்கள் நேராக ஆன்சல் ஆடம்ஸின் கொலுப்படியையும் கையாட்டலையும் எடுத்துச் சூத்திரமாக்கினார்கள். அதன் அடிப்படை பள்ளிக்கூடப் பையனுக்குப் புரியும்: வெளிச்சத்தை, ஒன்று கூட்டிய அதே வெளிச்சத்தால் வகு. 1 என்றால் அரை. 9 என்றால் 0.9. 99 என்றால் 0.99. சூரியனையே கொண்டு வந்து கொட்டினாலும் 1-ஐத் தாண்டாது. இருட்டில் இருப்பவனிடம் கிட்டத்தட்ட ஒன்றும் பிடிக்காமல், மேலே போகப் போகச் சுரண்டும் வருமான வரி. வருமான வரித்துறையால் இன்னும் சாதிக்க முடியாததை இந்த ஒற்றை வரி சாதித்தது.

ஊருக்கெல்லாம் ஒரே சட்டம் என்றால் படம் கொஞ்சம் சோகையாகும். வீட்டுக்கு வீடு பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம் என்றது இன்னொரு வழி. ஒவ்வொரு புள்ளியையும் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டு ஏற்றி இறக்குவது. இதில்தான் வில்லங்கம். இருட்டான மரமும் வெளுத்த வானமும் தொடுகிற ஓரத்தில், வானத்தை அமுக்குவதா மரத்தைத் தூக்குவதா என்று கணக்குக் குழம்பி, மரத்தைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் நிற்கும். இதைத் தவிர்க்கத்தான் இரண்டாவது கோஷ்டியான டுராண்டும் டார்சியும் ஓரங்களைத் தாண்டிக் கலக்காத வடிகட்டியைக் கொண்டு வந்தார்கள். ஜெருசலேமிலிருந்து வந்த ஃபட்டால் கோஷ்டி மேடு பள்ளங்களின் சரிவையே குறைத்துப் பார்த்தது. எல்லோரும் படித்தவர்கள், பண்பானவர்கள், எல்லோருடைய மாதிரிப் படங்களும் அடக்கமாகத்தான் இருந்தன.

அப்புறம் மென்பொருள் நம் கைக்கு வந்தது.

2003இல் பிரான்ஸிலிருந்து, ஆமாம் லெ கிரேயின் பிரான்ஸிலிருந்துதான், ஃபோட்டோமேட்டிக்ஸ் வந்தது. 2005இல் ஃபோட்டோஷாப்பும் சேர்ந்துகொண்டது. காசில்லாதவர்களுக்கு இலவசமாக ஒரு மென்பொருள் இருந்தது. அதன் பெயர் 'க்யூடிபிஎஃப்எஸ்ஜியுஐ'. எழுத்துப் பிழை இல்லை, வைத்த பெயரே அதுதான். பெற்ற பிள்ளைக்கு யாரும் இப்படிப் பெயர் வைக்க மாட்டார்கள். பிறகு நல்ல புத்தி வந்து லுமினன்ஸ் ஹெச்டிஆர் என்று மாற்றினார்கள். அதில் ஒரு பட்டியலைத் திறந்தால் கண்டுபிடித்தவர்களின் பெயர்களே வரிசையாக நிற்கும்: ஃபட்டால், டிராகோ, டுராண்ட், அஷிக்மின், பட்டநாயக், மாந்தியுக் இரண்டு தடவை, ரைன்ஹார்டு இரண்டு தடவை. ஒரு காலத்துப் பதிப்பில் எண்ணினால் சரியாக ஒன்பது. நவக்கிரகம். எந்தக் கிரகத்தைச் சுற்றினால் எந்தத் தோஷம் நீங்கும் என்று தெரியாமல் எல்லோரையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். ஃபட்டாலைச் சுற்றினால் மட்டும் படம் கரி ஓவியம்போல் வரும் என்பது அனுபவ ஜோதிடம்.

ஸ்லைடர் என்று ஒன்று இருந்தால் அதைக் கடைசி வரை தள்ளிப் பார்ப்பது மனித சுபாவம். உலகமே தள்ளியது. மேகங்கள் அழுக்குப் பஞ்சு மூட்டையாயின. புல் பச்சைச் சாயத்தில் முக்கியெடுத்த மாதிரி. பாழடைந்த தொழிற்சாலை, துருப்பிடித்த கார், இவை இரண்டும் அகப்பட்டால் விடவே மாட்டார்கள், துருவின் ஒவ்வொரு துகளும் கட்சி மாநாட்டு ஃப்ளெக்ஸில் தொண்டர் முகம்போல் தனித்தனியாகத் தெரிய வேண்டும். நிழல் என்ற ஒன்றையே ஒழித்துவிட்டார்கள். இதில் பெயர் வேறு ஹை டைனமிக் ரேஞ்ச், சுருக்கமாக ஹெச்டிஆர். உண்மையில் அந்த அகன்ற வீச்சை நசுக்கி, குறைந்த வீச்சுக்குள் அடைத்த பிறகு கிடைக்கிற படம் அது. பெயர் தங்கராசு, கழுத்தில் கவரிங்.

நான் மட்டும் யோக்கியனா? 2009இல் ஊருக்குப் போனபோது, திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவைப் பிடித்தேன். பின்னால் வெயில் கொளுத்தும் தெரு, முன்னால் நிழலில் பெரியப்பா. பாடப்புத்தகத்தில் போடலாம், அப்படியொரு காட்சி. முக்காலியில் கேமராவை வைத்து, "பெரியப்பா, மூணு படம், அசையாதீங்க" என்றேன். அவர் அசையவில்லை. விசிறியை மட்டும் நிறுத்தவில்லை. ராத்திரி மென்பொருளில் மூன்றையும் சேர்த்தபோது அவருக்கு வலது பக்கம் மூன்று கை. ஸ்லைடர்களை நான் தள்ளிய தள்ளில் தலையைச் சுற்றிப் பளபளவென்று வெள்ளை வளையம். பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்ப் பெருமையாகக் கொடுத்தேன். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"ஏண்டா, உசுரோட இருக்கிற மனுஷனுக்கு இப்பவே ஒளிவட்டம் போட்டுட்டியே?"

பெரியப்பா அன்று மாலை எங்கேயும் வெளியே போகவில்லை.

2010இல் ஐஃபோனில் ஹெச்டிஆர் பொத்தான் வந்தது, மூன்று படம் எடுத்து அதுவே சேர்த்துக்கொள்ளும். 2013இல் கூகிள் வேறு தினுசில் வந்தது. வேண்டுமென்றே இருட்டாகப் பல படங்களைப் படபடவென்று சுட்டு, ஒன்றன் மேல் ஒன்று பொருத்தி, புள்ளி இரைச்சலைச் சராசரியில் அமுக்கிவிட்டு, பிறகு நிழலைத் தூக்கும். விசிறி ஆடினாலும் ஓரளவு கண்டுபிடித்து ஒதுக்கிவிடும். பங்காளிச் சண்டை இப்போது பையில் இருக்கிற ஃபோனுக்குள் கண் இமைக்கும் நேரத்தில் பேசித் தீர்க்கப்படுகிறது, யாரிடமும் கேட்பதில்லை. ஸ்லைடர் தள்ளிய கைகள் எல்லாம் சும்மா இருக்கின்றன.

சும்மா இருக்குமா? 2020இல் ஃபோட்டோஷாப்பில் வானத்தை மாற்றும் வசதி வந்தது. பொத்தானைத் தட்டினால் படத்தில் இருக்கிற வானத்தை அதுவே கண்டுபிடித்துக் கழற்றிவிட்டு, கைவசம் வைத்திருக்கும் வானங்களில் ஒன்றை மாட்டிவிடும். போன வருஷம் தங்கை மகள் கல்யாண ஆல்பத்துக்காக ஸ்டுடியோவுக்குப் போயிருந்தேன். அந்தப் பையன் மவுஸைத் தட்டித் தட்டி, "சார், பொண்ணு மாப்பிள்ளைக்குப் பின்னாடி இந்தச் சாயங்கால மேகம் போட்டுரட்டுமா? நல்லா போகுது சார்" என்றான். போடச் சொன்னேன்.

ஆல்பம் வந்த வாரம் எதிர்வீட்டுக்காரர் தன் மகன் கல்யாண ஆல்பத்தோடு வந்தார். அவர்கள் படம் எடுத்தது கொடைக்கானலில், நாங்கள் எடுத்தது மாமல்லபுரத்தில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புரட்டினோம். மேலே இடது ஓரத்தில், யானைத் துதிக்கை மாதிரி வளைந்த அதே மேகம். எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், இருவரும் காபியை எடுத்துக்கொண்டோம்.